மூஞ்சில பரு வந்தா என்ன செய்யணும், எந்த க்ரீம தொடவே கூடாது

பரு வந்தவங்க முதல்ல கேக்க கேள்வி "எத்தன நாள்ல போவும்?"தான். உண்மையான பதில் ரெண்டு மாசத்துல இருந்து மூணு மாசம். இத சொன்ன உடனே பாதி பேருக்கு மூஞ்சி வாடிரும், அஞ்சே நாள்ல போவும்னு எவனாவது சொல்லுத டியூப தேடி அடுத்த கடைக்கு போயிருவாங்க. நான் கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா நிக்கேன், தினமும் பாக்கது இதுதான். பருவால கெட்ட மூஞ்சிய விட அவசரத்துல வாங்கி போட்ட க்ரீமால கெட்ட மூஞ்சிய பாக்கதுதான் எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கும், ஏன்னா அது வராம தடுத்திருக்கலாம். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், பொறுமையா படிங்க, வீட்டுல பத்தாங்கிளாஸ் பிளஸ்டூ படிக்க பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் அனுப்பி விடுங்க.

முதல்ல பரு எப்படி வருதுன்னு தெரிஞ்சிக்கிடுங்க, இது புரிஞ்சா மருந்து ஏன் மெதுவா வேல செய்யுதுன்னும் புரிஞ்சிரும். தோல்ல முடி முளைக்க ஒவ்வொரு துளையோடயும் ஒரு எண்ணெய் சுரப்பி ஒட்டிக்கிட்டு இருக்கு. பன்னெண்டு பதிமூணு வயசுல ஆண்ட்ரோஜன்ங்க ஹார்மோன் ஏறும், பையனுக்கும் ஏறும் பொண்ணுக்கும் ஏறும், அப்ப இந்த சுரப்பி பெருசாகி எண்ணெய நெறய விடும். அதே நேரத்துல துளைக்கு உள்பக்கம் உதிர வேண்டிய செத்த செல்லுங்க சரியா உதிராம எண்ணெயோட ஒட்டி அடச்சிரும். எல்லாத்துக்கும் ஆரம்பம் இந்த அடப்புதான். மேல தோல் மூடி இருந்தா தோல் நிறத்துல இல்லன்னா வெள்ளையா சின்ன மணி மாதிரி தெரியும், அது வைட்ஹெட். வாய் தெறந்து இருந்தா கறுப்பா தெரியும், அது பிளாக்ஹெட். அந்த கறுப்பு அழுக்கு கெடையாது, உள்ள இருக்க மெலனினும் எண்ணெயும் காத்து பட்டு கறுத்தது, அதனால ஸ்க்ரப் போட்டு எவ்வளவு தேச்சாலும் தோலுதான் புண்ணாவும். அடப்புக்கு உள்ள க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்னு ஒரு பாக்டீரியா (எல்லாருக்க தோல்லயும் எப்பவும் இருக்கதுதான்) நல்லா பெருகும், உடம்பு அத எதுத்து நிக்கும், செவந்து வீங்கி சீழ் வைக்கும். இதுவே ஆழத்துல நடந்தா தொட்டாலே வலிக்க கட்டியா வரும், பெரும்பாலும் தழும்பு விட்டுட்டு போறது அந்த வகைதான்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, இன்னைக்கு கண்ணாடில தெரியுத பரு இன்னைக்கு வந்தது இல்ல. கண்ணுக்கு தெரியாத அடப்பா பல வாரத்துக்கு முன்னயே உள்ள ஆரம்பிச்சாச்சு. அப்ப இன்னைக்கு மருந்து ஆரம்பிச்சாலும் ஏற்கனவே வரிசைல நிக்கது எல்லாம் வெளிய வந்துதான் தீரும். அதனாலதான் மருந்த பரு மேல மட்டும் பொட்டு வைக்காம, பரு வழக்கமா வாற எடம் முழுக்க மெல்லிசா போடணும்னு சொல்லுதோம். இத மட்டும் புடிச்சிக்கிட்டாலே பாதி வேல முடிஞ்சுது.

நம்ம ஊருக்க எண்ணெயும் காத்தும்

நம்ம மாவட்டத்துல இத பேசாம பருவ பத்தி பேச முடியாது, தேங்காண்ணெய். தலைல எண்ணெய் வைக்காம பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புனா ஆச்சிமாருக்கு மனசே ஆறாது, வச்ச கையோட மிச்சத்த மூஞ்சிலயும் கைலயும் தடவி விடதும் உண்டு. முடிக்கு தேங்காண்ணெய் நல்லதுதான், நான் மறுக்கவே இல்ல. ஆனா பரு வாற தோலுக்கு அது துளைய அடைக்க எண்ணெய். நெத்தில முடி ஆரம்பிக்க கோட்டுல, காதுக்கு முன்னால, கிருதா ஓரத்துல பொடி பொடியா ஒரே வரிசையா பரு கெடந்தா பெரும்பாலும் அது தலைல வச்ச எண்ணெய் வேர்வையோட எறங்குனதாதான் இருக்கும். எண்ணெய விட வேண்டாம், நேரத்த மாத்துங்க. குளிக்கதுக்கு ஒரு மணிக்கூர் முன்ன தலைல மட்டும் வச்சிட்டு ஷாம்பு இல்லன்னா சீயக்கா போட்டு நல்லா அலசிருங்க, அலசுன தண்ணி மூஞ்சில வழிஞ்சிருக்கும், கடேசில மூஞ்சிய தனியா கழுவுங்க. ராத்திரி எண்ணெயோட படுத்தா தலகாணி உறை முழுக்க எண்ணெய், அதுலதான் கன்னம் விடிய விடிய கெடக்கும். உறைய வாரத்துக்கு ரெண்டு தடவயாவது மாத்துங்க. ஆச்சிகிட்ட சண்டைக்கு நிக்காம "ஞாயித்துக்கிழம நீங்களே வச்சி விடுங்க, மத்த நாள் வேண்டாம்"னு சொல்லி பாருங்க, ஒத்துக்கிடுவாங்க.

அடுத்தது காத்து. ஜூன்ல தென்மேற்கு மழ, அக்டோபர்ல வடகிழக்கு மழ, ரெண்டும் கிட்டுத மாவட்டம் இது, நடுவுல கொஞ்சம் வெயிலடிச்சாலும் கடல் பக்கத்துல உடம்பு பிசுபிசுன்னுதான் இருக்கும். வேர்வையே பருவ உண்டாக்காது, ஆனா வேர்வையோட சேந்து உரசுத எல்லாம் உண்டாக்கும். நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டத்துக்கு தினமும் பைக்ல போய் வாறவங்களுக்கு ஹெல்மெட் வார் படுத தாடைலயும் நெத்திலயும் பரு கூடும். உள்துணிய கழத்தி கழுவ முடியுத ஹெல்மெட்னா கழுவுங்க, முடியாதுன்னா ஒரு காட்டன் துணி தலைல கெட்டிட்டு போடுங்க, அத தினமும் தொவைங்க. ரப்பர் வெட்டுதவங்க, கட்டுமர வேலைக்கு போறவங்க, வேல முடிஞ்ச உடனே வெறும் தண்ணில மூஞ்சிய கழுவிருங்க, வேர்வை காயட்டும்னு இருக்காதீங்க. கடல் தண்ணில மூஞ்சி கழுவுனா பரு போவும்னு குளச்சல் பக்கம் சில பேரு சொல்லுவாங்க, உப்பு தோல காய வைக்கும், அதனால ஒரு நாள் நல்லா இருக்க மாதிரி தோணும், அடப்பு அப்படியேதான் இருக்கும்.

ஒண்ணு கவனிங்க, தோல்ல பொடி பொடியா வாற எல்லாமே பரு கெடையாது. நெத்திலயும் நெஞ்சுலயும் முதுகுலயும் எல்லாம் ஒரே சைஸ்ல, பிளாக்ஹெட் ஒண்ணு கூட இல்லாம, வேர்த்தா அரிக்குதுன்னா அது ஈஸ்ட்டால வாறதா இருக்கலாம். அதுக்கு பரு மருந்து கேக்காது, ஆன்டிபயாட்டிக் மாத்திர போட்டா இன்னும் கூடும், ஆன்டிஃபங்கல் மருந்துதான் வேணும். அரிப்பு இருந்தா டாக்டர்ட்ட காட்டிட்டு மருந்து வாங்குங்க.

கழுவுறது

காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, நல்லா வேர்த்தா இன்னொரு தடவ, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவ சோப்பு போடுத பிள்ளைங்கள எனக்கு தெரியும், தோல் வறண்டு வெடிச்சி அப்பறம் மருந்தே போட முடியாம எரியும். வாசன இல்லாத மைல்டான ஃபேஸ்வாஷ் போதும், எண்ணெய் ரொம்ப வழிஞ்சா சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் உள்ள ஃபேஸ்வாஷ் எடுக்கலாம், பிளாக்ஹெட்டுக்கு அது கொஞ்சம் கேக்கும். எண்ணெய் தோலுக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்னு நெறய பேரு கேக்காங்க. பரு மருந்து பெரும்பாலும் தோல காய வைக்கும், மாய்ஸ்சரைசர் இல்லன்னா பத்தாவது நாள் எரிச்சல் தாங்காம மருந்தயே விட்டுருவீங்க. ஜெல்லா, "நான் காமெடோஜெனிக்"னு (துளைய அடைக்காதுன்னு அர்த்தம்) எழுதிருக்கதா பாத்து வாங்குங்க. பகல்ல எஸ்பிஎஃப் 30க்கு கொறயாத சன்ஸ்க்ரீன், அதுவும் ஜெல். நம்ம நிறத்துக்கு பரு போனாலும் கறுப்பு பாடு (தடம்) மாசக்கணக்குல நிக்கும், வெயில் பட்டா அது இன்னும் கறுக்கும், அதுக்குத்தான்.

மருந்து

கடையில ரெண்டு மருந்துக்க பேரு முக்கியமா கேள்விப்படுவீங்க, அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு. டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டி இதுல எது உங்களுக்குன்னு கேட்டுட்டு ஆரம்பிக்கது நல்லது, ஆனா டாக்டர் எழுதி குடுத்த பெறவும் எப்படி போடணும்னு தெரியாம வீணாக்குதவங்கதான் அதிகம், அதனால அத வெவரமா சொல்லுதேன்.

அடாபலீன் 0.1 சதவீத ஜெல் ராத்திரிக்கு உள்ளது. இது அடப்ப எளக்கி புது அடப்பு வராம தடுக்க மருந்து. மூஞ்சிய கழுவி துணியால ஒத்தி எடுத்துட்டு ஒரு இருவது நிமிஷம் நல்லா காய விடுங்க, ஈரத்துல போட்டா எரியும். பெறவு ஒரு பச்சப்பட்டாணி அளவுதான் முழு மூஞ்சிக்கும். நெத்தில ஒரு புள்ளி, ரெண்டு கன்னத்துலயும் ஒவ்வொண்ணு, தாடைல ஒண்ணு, மூக்குல கொஞ்சூண்டு, வச்சி மெல்லிசா பரப்பி விடுங்க. கண்ணு ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் மூணும் வேண்டாம், அங்கதான் முதல்ல உரியும். முதல் ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க, தாங்குச்சுன்னா தினமும். ரொம்ப சென்சிட்டிவா இருந்தா மாய்ஸ்சரைசர் மொதல்ல போட்டு அது மேல இத போடலாம், ஒண்ணும் கெட்டுப்போவாது. முதல் ரெண்டு மூணு வாரத்துல பரு கூடுன மாதிரி தோணலாம், தோல் செவந்து பொடியா உரியலாம், உள்ள இருந்தது வெளிய வருது, பயப்படாதீங்க. இங்கதான் பத்துல ஏழு பேரு "மருந்து ஒத்துக்கிடல"ன்னு டியூப தூக்கி போட்டுட்டு வந்து நிப்பாங்க. எட்டு வாரம் முடிஞ்சி பாருங்க, பன்னெண்டு வாரம் முடிஞ்சி முடிவு பண்ணுங்க. கர்ப்பமா இருக்கவங்க, புள்ளைக்கு முயற்சி பண்ணுதவங்க இத போட வேண்டாம்.

பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவ கொல்லுத மருந்து, இதுக்கு பாக்டீரியா பழகிப்போறது இல்ல, அதுதான் இதுக்க பெரிய கொணம். 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் போட்டா பரு சீக்கிரம் போறது இல்ல, எரிச்சல்தான் கூடும். காலைல மெல்லிசா போடலாம், இல்லன்னா அஞ்சு நிமிஷம் வச்சிருந்து கழுவலாம். ஒரு எச்சரிக்க, இது துணிய வெளுக்க வச்சிரும், கலர் துண்டு, தலகாணி உறை, சுடிதார் கழுத்து எல்லாம் பொட்டு பொட்டா வெள்ளையாவும். வெள்ள துண்டு ஒண்ணு தனியா வச்சிக்கிடுங்க. வண்டி டேங்க் கவர்லயோ கார் டேஷ்போர்டுலயோ டியூப போட்டுட்டு அலையாதீங்க, சூட்டுல மருந்து கெட்டுப்போவும்.

அசெலாயிக் ஆசிட் 10ல இருந்து 20 சதவீதம் வர உண்டு, பருவுக்கும் கேக்கும் கறுப்பு பாட்டுக்கும் கேக்கும், கர்ப்பமா இருக்கவங்களுக்கு டாக்டர்மாரு பெரும்பாலும் எழுதுதது இதுதான். கிளிண்டாமைசின்ங்க ஆன்டிபயாட்டிக் ஜெல் மட்டும் தனியா மாசக்கணக்குல போடாதீங்க, பாக்டீரியா அதுக்கு பழகிரும், பென்சாயில் பெராக்சைடோட சேத்துதான் போடணும்.

வீக்கமும் சீழும் அதிகமா இருந்தா டாக்டர் டாக்சிசைக்ளின்ங்க ஆன்டிபயாட்டிக் மாத்திர எழுதுவாங்க. ஒரு டம்ளர் நிறய தண்ணி குடிச்சி முழுங்கணும், முழுங்கிட்டு அர மணிக்கூராவது படுக்க கூடாது, படுத்தா தொண்டக்குழாய்ல ஒட்டி புண்ணாக்கிரும். பாலோடயோ அயர்ன் மாத்திரையோடயோ சேத்து போட்டா உடம்புல சரியா ஏறாது. வெயில்ல தோல் சீக்கிரம் கருகும். எழுதி குடுத்தது மூணு மாசம்னா மூணு மாசத்தோட நிறுத்துங்க, பழைய சீட்ட வச்சிக்கிட்டு ஒரு வருஷமா வாங்கி முழுங்காதீங்க, நாங்களும் குடுக்க கூடாது.

கட்டி கட்டியா வந்து தழும்பு விடுத பருவுக்கு ஐசோட்ரெடினாயின். 1982ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சதுல இருந்து உள்ள மருந்து, எண்ணெய் சுரப்பியவே சுருக்கும், ரொம்ப நல்லா கேக்கும். ஆனா இது முழுங்குத நேரத்துல கர்ப்பம் தரிச்சா புள்ளைக்கு கடுமையான ஊனம் வரும், அதனால மருந்து நிறுத்தி ஒரு மாசம் கழியுத வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, ரத்ததானமும் குடுக்க கூடாது. கல்யாணம் ஆகாத பிள்ளையா இருந்தாலும் டாக்டர் இத கேப்பாங்க, அதுல அம்மாமாரு மொகம் சுளிக்க ஒண்ணும் இல்ல. உதடு வெடிக்கும், கண்ணு காயும், கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுத்து பாக்கணும். அக்காவுக்கு எழுதுன மாத்திரைய தங்கச்சி எடுத்து போடது எல்லாம் நம்ம வீடுகள்ல நடக்கு, இந்த மாத்திரைல அது வேண்டவே வேண்டாம்.

அஞ்சு நாள் க்ரீம்

இத எழுதத்தான் உக்காந்தேன். போன வருஷம் ஒரு பொண்ணு, நர்சிங் படிக்குது, மாஸ்க் போட்டுட்டு வந்து ஒரு டியூப கவுண்டர்ல வச்சி "இதே ஒண்ணு தாங்கண்ணா"ன்னு கேட்டுச்சு. டியூப் அடில இருந்து சுருட்டி சுருட்டி, கடேசி துளியும் எடுத்து காலியாக்குனது. திருப்பி சின்ன எழுத்த படிச்சேன், மொமெட்டாசோன், ட்ரெடினாயின், ஹைட்ரோகுயினோன். எத்தன நாளா போடுதன்னு கேட்டேன், எட்டு மாசமாச்சுன்னு சொல்லிச்சு, ஹாஸ்டல்ல எல்லாரும் போடுதாங்களாம். மாஸ்க்க எறக்குனப்போ கன்னம் ரெண்டும் செவந்து, தோல் கண்ணாடி மாதிரி மெல்லிசாகி, உள்ள நூலு நூலா ரத்தக்குழாய் தெரியுது, தாடைல பூன முடி தடிச்சி கறுத்து நிக்கு, பரு முன்ன இருந்தத விட கூட. "போடாட்டா எரியுதுண்ணா, நிறுத்தவே முடியல"ன்னு அது சொன்னத இன்னைக்கும் மறக்க முடியல.

மொமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், பெக்லோமெத்தசோன், இதெல்லாமும் ஸ்டீராய்டுதான், பேரு "சோன்", "சால்", "லோன்"னு முடிஞ்சா ஒரு தடவ யோசிங்க. இது ஏன் புடிச்சி போவுதுன்னா, முதல் வாரம் அற்புதமா இருக்கும். ரத்தக்குழாய சுருக்கி வீக்கத்த அமுக்கிரும், மூணு நாலு நாள்ல சிவப்பு போவும், நிறமும் கொஞ்சம் வெளுக்கும், எல்லாரும் கேப்பாங்க என்ன போட்டன்னு. பருவுக்க அடப்பு மட்டும் உள்ள அப்படியே இருக்கும். ஒரு மாசம் ரெண்டு மாசம் போவும்போ தோல் மெலியும், ஸ்டீராய்டாலயே புதுசா ஒரு வகை பரு வரும், நிறுத்துனா எரிச்சலும் சிவப்பும் பொத்துக்கிட்டு வரும், அத அமுக்க திரும்பவும் அதே க்ரீம். எக்ஸிமா மாதிரி சில தோல் நோய்க்கு டாக்டர் சொன்ன எடத்துல சொன்ன நாளு மட்டும் போட்டா இது நல்ல மருந்து, மூஞ்சில பருவுக்கோ நிறத்துக்கோ போடுத க்ரீம் இல்ல. 2018ல மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள சீட்டு இல்லாம விக்க கூடாதுன்னு ஷெட்யூல் எச் லிஸ்ட்டுல சேத்தாச்சு. அப்படி இருந்தும் சீட்டு கேக்காம குடுக்க கடைங்க உண்டு, ஒரு தொழில்காரனா எனக்கு அது பெரிய வருத்தம்.

ஏற்கனவே மாசக்கணக்குல போட்டவங்களா இருந்தா, இத படிச்சிட்டு ராத்திரியோட ராத்திரியா நிறுத்திட்டு எரிச்சல்ல தவிக்காதீங்க. டியூப கைல எடுத்துக்கிட்டு தோல் டாக்டர்ட்ட போங்க, எப்படி விடணும், அதுவரைக்கும் எரிச்சலுக்கு என்ன போடணும்னு அவங்க சொல்லுவாங்க. சரியாக மாசங்கள் ஆவும், ஆனா சரியாவும். அந்த பொண்ணுக்கும் இப்ப நல்ல மாத்தம்.

இன்னொண்ணு, பேரு ஊரு இல்லாத டப்பா க்ரீம். பார்லர்ல குடுக்கது, கல்ஃப்ல இருந்து வந்தவங்க கொண்டு தாறது, இன்ஸ்டாகிராம்ல விக்கது, பின்னால என்ன சேத்திருக்குன்னு ஒரு வரி இருக்காது. 2023ல பக்கத்து கேரளாவுல மலப்புறத்துல இப்படி வெள்ளையாக்க க்ரீம் போட்டவங்களுக்கு சிறுநீரகம் பாதிச்சது தெரிய வந்துது, காரணமா சொன்னது அதுல உள்ள பாதரசம். மூஞ்சில போடுதது மூஞ்சியோட நிக்காது.

வீட்டு வைத்தியமும் சாப்பாடும்

சங்கு உரசி போடது நம்ம பக்கம் ரொம்ப பழக்கம். கன்னியாகுமரி கடற்கரை கடையில வாங்குன சங்க கல்லுல பன்னீர் விட்டு உரசுனா வெள்ள சாந்து மாதிரி வரும், அத பரு மேல வச்சா காஞ்சி இறுகும். காயுதது நல்லா தோணும், ஆனா அது சுண்ணாம்பு வகை, பொடி நறநறன்னு இருக்கும், செவந்த பருவ அது இன்னும் கீறி விடும், சங்குப்பொடியால பரு போவும்னு காட்டுத ஆதாரம் ஒண்ணும் நான் பாத்தது இல்ல. ஜாதிக்கா உரசுதது, எலுமிச்சம்பழம் தேய்க்கது, டூத்பேஸ்ட் வைக்கது மூணும் தோல புண்ணாக்கும், எலுமிச்ச போட்டுட்டு வெயில்ல போனா கருகி பாடு விழும். கத்தாழ ஜெல் குளிர்ச்சியா இருக்கும், கெடுதல் பெருசா இல்ல, அத மருந்துன்னு நம்பி மூணு மாசம் போக்காதீங்க. சித்த, ஆயுர்வேத மருந்துதான் வேணும்னா படிச்ச வைத்தியர்ட்ட போங்க, நாகர்கோவில் கோட்டாறுல அரசு ஆயுர்வேத கல்லூரியே இருக்கு, பொட்டலத்துல மடிச்சி தாற பேரில்லாத பொடி வேண்டாம்.

மீன் தின்னா பரு வரும், கோழி சூடுன்னு பிள்ளைங்க தட்டுல இருந்து எடுத்துருவாங்க. மீனால பரு வரும்னு ஆதாரம் இல்ல, தாராளமா சாப்பிடட்டும், மட்டி வாழப்பழமும் சாப்பிடட்டும். ரத்தத்துல சர்க்கரைய சட்டுன்னு ஏத்துத சாப்பாடு, அதாவது மைதா பண், கூல்டிரிங்ஸ், நாலஞ்சு இனிப்பு சாயா, இதுக்கும் பருவுக்கும் கொஞ்சம் தொடர்பு உண்டு, பாலுக்கும் சில பேருக்கு உண்டு. ஜிம்முக்கு போற பயலுவளுக்கு நெஞ்சுலயும் முதுகுலயும் திடீர்னு பரு பொத்துக்கிட்டு வந்தா வே புரோட்டீன் பவுடர ஒரு ரெண்டு மாசம் நிறுத்தி பாக்கலாம். சாப்பாட்ட மட்டும் மாத்தி கடுமையான பருவ போக்க முடியாது, அதயும் சொல்லிருதேன்.

கிள்ளாதீங்க, இது மட்டும் கெஞ்சி கேக்கேன். அமுக்கும்போ பாதி சீழ் வெளிய வரும், மீதி உள்ள ஆழமா போவும், பாடு விழுததும் பள்ளம் விழுததும் அதுலதான். கண்ணாடி முன்ன நின்னா கை தானா போவும்னா ராத்திரி பரு மேல ஒட்டுத ஹைட்ரோகொலாய்டு ஸ்டிக்கர் போட்டுக்கிடுங்க, கைக்கு வேல இருக்காது.

பொண்ணுங்களுக்கு மாசவிலக்குக்கு ஒரு வாரம் முன்ன தாடைல ரெண்டு மூணு பரு வந்து போவுதுன்னா அது சாதாரணம். விலக்கு 35 நாளுக்கு மேல தள்ளி தள்ளி போவுது, தாடைலயும் மேலுதட்டுலயும் முடி தடிக்குது, எட வேற கூடுதுன்னா பிசிஓஎஸ்னு சொல்லுத ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாக்கணும், அப்ப க்ரீம் மட்டும் போதாது, ஹார்மோனுக்கும் சேத்து மருந்து வேணும். கல்யாணம் வச்சிருக்கவங்க கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்ன ஆரம்பிங்க. பதினஞ்சு நாள் முன்ன வந்து கேட்டா நல்ல மருந்து எதுவும் அந்த நேரத்துக்குள்ள வேல செய்யாது, அப்பதான் எல்லாரும் ஸ்டீராய்டு டியூபுல போய் விழுதாங்க.

ஒரு வார்த்த பெரியவங்களுக்கு. கல்யாண வீட்டுலயும் கோயில்லயும் சர்ச்சுலயும் பாத்த உடனே "என்ன மக்களே மூஞ்சி இப்படி ஆயிப்போச்சு"ன்னு கேக்காதீங்க. அந்த பிள்ளைக்கு தெரியும், அது காலைல இருந்து பத்து தடவ கண்ணாடி பாத்துட்டுதான் வந்திருக்கும். வெளிய எறங்க மாட்டேங்குது, போட்டோவுக்கு நிக்காது, சாப்பிடாம ரூம்லயே கெடக்குதுன்னா அதுவும் டாக்டர்ட்ட சொல்ல வேண்டிய விஷயம்தான்.

டாக்டர்ட்ட எப்ப போறது

மூணு மாசம் ஒழுங்கா போட்டும் கொறயல, கட்டியா வந்து வலிக்கு, பள்ளம் விழ ஆரம்பிச்சாச்சு, இந்த மூணுல ஒண்ணு இருந்தா போயிருங்க. பருவோட காய்ச்சலும் மூட்டு வலியும் சேந்து வந்தா அன்னைக்கே போங்க. காசு இல்லன்னு தள்ளி போட வேண்டாம், ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ்ல தோல் பிரிவு இருக்கு, அங்க காட்டலாம். வெளிய வாங்குததா இருந்தாலும் மருந்துக்க உள்பேர (கம்பெனி வச்ச பேரு இல்ல, அடாபலீன் மாதிரி உள்ள பேரு) சொல்லி ஜன் ஔஷதி கடையில உண்டான்னு கேளுங்க, வெல கொறவா கெடைக்கும்.

பள்ளத்துக்கு க்ரீம் கெடையாது. மைக்ரோநீடிலிங் (பொடி ஊசியால குத்துதது), சப்சிஷன் (பள்ளத்துக்கு அடில ஊசி விட்டு இழுத்து புடிச்சிருக்கத அறுத்து விடுதது), லேசர், பீலிங்னு பள்ளத்துக்க வடிவத்த பாத்து செய்யுவாங்க, பல சிட்டிங் ஆவும், புதுசா பரு வாறது நின்ன பெறவுதான் ஆரம்பிக்கணும். கறுப்பு பாடு பள்ளம் இல்ல, அது சன்ஸ்க்ரீன் போட்டு பொறுத்திருந்தா மாசக்கணக்குல மங்கும், அதுக்கு லேசருக்கு ஓடி காச கொட்டாதீங்க.

போகும்போ இதுவரைக்கும் போட்ட எல்லா டியூபையும் டப்பாவையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, பேரு இல்லாததையும் சேத்து, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. டிபி மாத்திர, வலிப்பு மாத்திர, ஆஸ்துமாவுக்கோ வேற எதுக்கோ ஸ்டீராய்டு மாத்திர சாப்பிடுதீங்கன்னா சொல்லுங்க, அதனாலயும் பரு வரும். பொண்ணுங்க கடைசி மூணு விலக்கு தேதிய போன்ல குறிச்சி வச்சிக்கிடுங்க. பரு ரொம்ப மோசமா இருந்த நாள்ல எடுத்த போட்டோ ஒண்ணு இருந்தா காட்டுங்க, ஏன்னா போற அன்னைக்குன்னு பாத்து அது கொறஞ்சிருக்கும். அன்னைக்கு மட்டும் பவுடரும் ஃபவுண்டேஷனும் போடாம, மூஞ்சிய வெறும் தண்ணில கழுவிட்டு போங்க.